இட்லிப்பூச் செடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இட்லிப்பூ வளர்க்கிறவர்கள் கேட்கும் சந்தேகங்களைச் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இலை மஞ்சளாகுது, என்ன பண்ண?” அதற்கான பதில் பத்தாவது கேள்வியில் தொடங்கிப் பதினான்கு வரை போகிறது. அவசரம் என்றால் நேராக அங்கே போய்விடலாம். செடியை முதலில் தெரிந்துகொள்ளலாம் என்பவர்கள் வரிசையாகப் படிக்கலாம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. இட்லிப்பூ, விருட்சிப்பூ, வெட்சி, தெச்சி எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றுதான். மொட்டுகள் நெருக்கமாக உருண்டு திரண்ட கொத்தாக இருப்பதால் இட்லிப்பூ. நர்சரிகளிலும் பூக்கடைகளிலும் விருட்சி என்பார்கள். பழந்தமிழில் வெட்சி, செச்சை என்றும் ஒரு பெயர் உண்டு. மலையாளத்தில் தெச்சி அல்லது செத்தி. செடி விற்பவர்கள் ‘இக்சோரா’ என்றே சொல்வது இப்போது அதிகம். தாவரவியல் பெயர் இக்சோரா காக்சினியா. 1753-இல் லின்னேயஸ் வைத்தது. ‘இக்சோரா’ என்பது ‘ஈஸ்வரன்’ என்ற சொல் ஐரோப்பியர் வாயில் திரிந்த வடிவம். ‘காக்சினியா’ என்றால் செந்நிறம்.

தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் சொந்த இடம். இங்கிருந்து வெப்பநாடுகள் எங்கும் போயிருக்கிறது. தென்னமெரிக்காவின் சுரினாம் நாட்டில் தேசிய மலரே இதுதான்.

2. பள்ளிக்கூடத்துல வெட்சித் திணைன்னு படிச்சோமே, அந்த வெட்சியா இது?

அதேதான். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ என்பதால் அந்தத் திணைக்கு வெட்சி என்று பெயர். தொல்காப்பியம் வெட்சியைக் குறிஞ்சியின் புறமாக வைக்கிறது. குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் தானாக வளரும் செடி என்பதால் அந்த இணைப்பு பொருத்தமாகவே இருக்கிறது.

திருமுருகாற்றுப்படை இதைச் ‘செங்கால் வெட்சி’ என்கிறது. ஒரு கொத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பூவில் மட்டுமல்ல, மொட்டுகளைத் தாங்கும் கிளைக்காம்புகளிலும் செம்மை ஏறியிருக்கும். எழுதியவர் பூவைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

3. இது காப்பிச் செடிக்குச் சொந்தம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ரூபியேசி என்னும் காப்பிக் குடும்பம். காப்பி, நுணா, சின்கோனா, பாவட்டை எல்லாம் இதன் உறவுகள். அடையாளம் பூவில் இல்லை, தண்டில் இருக்கிறது. இலைகள் ஒரு கணுவுக்கு இரண்டாக, எதிரெதிரே வரும். அடுத்த கணுவில் அவற்றுக்குக் குறுக்காக இன்னொரு ஜோடி. அந்த இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவில், தண்டை ஒட்டி, கூர்முனையோடு முக்கோணமாக ஒரு சிறு செதில் இருக்கும். இதற்கு இலைக்காம்பிடைச் செதில் என்று பெயர். பூக்காத செடியைக்கூட இதை வைத்துக் காப்பிக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

எதிரிலை அமைப்பு வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, எங்கே செய்வது என்பதை முடிவு செய்வதே அதுதான். பதினேழாவது கேள்வியில் அது வரும்.

4. பூவுக்கு நாலு இதழ்தானா? நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிறது என்ன?

நான்கு இதழ், நான்கு மகரந்தத் தாள், நான்கு சிறு புல்லிப்பற்கள். இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்தாலும் அடியில் ஒட்டி, ஈர்க்குச்சி அளவே தடிமனுள்ள நீண்ட குழாயாக இருக்கும். நாட்டு ரகத்தில் இந்தக் குழாய் 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை போகும். மலராத மொட்டின் நுனியைப் பார்த்தால் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகியிருப்பது தெரியும். சூற்பை குழாய்க்குக் கீழே, காம்போடு சேர்ந்தாற்போல் இருக்கிறது. அதனால்தான் பூ உதிர்ந்த பிறகும் காய் அதே இடத்தில் நிற்கிறது.

நடுவில் நீட்டிக்கொண்டிருப்பது சூலகத்தண்டு. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பூ விரியும் முன்பே மகரந்தப்பைகள் வெடித்து, மகரந்தத்தை இந்தத் தண்டின் நுனியில் பூசிவிடுகின்றன. அப்போது சூல்முடி மூடியே இருக்கும். பட்டாம்பூச்சி வந்து உரசி மகரந்தத்தை எடுத்துப் போன பிறகுதான் நுனி இரண்டாகப் பிளந்து, பிற பூவின் மகரந்தத்தை வாங்கத் தயாராகும். ஒரே கொத்தில் இரண்டு நிலைகளையும் பார்க்கலாம்: இன்று விரிந்த பூவில் நுனி ஒற்றைக் குச்சி, முன்பே விரிந்த பூவில் பாம்பு நாக்கு மாதிரி பிளவு.

5. சின்ன வயசுல இந்தப் பூவுல தேன் உறிஞ்சுவோம். குழந்தைங்க செஞ்சா ஆபத்து இல்லையே? பழம் சாப்பிடலாமா?

இட்லிப்பூவில் நஞ்சு இல்லை. பூவைப் பறித்து, அடியிலிருந்து அந்தச் சூலகத்தண்டை மெல்ல இழுத்தால் நூல் மாதிரி வரும். அதன் முனையில் ஒரு துளி தேன் ஒட்டியிருக்கும். அவ்வளவு ஆழத்தில் தேனை வைத்திருப்பதால்தான் நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பெரிய பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டும் இதைத் தேடி வருகின்றன.

பழம் பட்டாணி அளவில் இருக்கும். சிவந்து, பிறகு கருஞ்சிவப்பாகும். உள்ளே பெரும்பாலும் இரண்டு விதை. நன்றாகப் பழுத்ததைச் சாப்பிடலாம். இனிப்போடு லேசான துவர்ப்பு. இரண்டு எச்சரிக்கை மட்டும்: நர்சரியிலிருந்து வந்து சில வாரங்களே ஆன செடியில் மருந்து அடித்திருப்பார்கள், அதை வாயில் வைக்கவிடாதீர்கள். அடுத்து, குழந்தைக்கு உன்னிச்செடியை வேறுபடுத்திக் காட்டுங்கள். உன்னியின் பச்சைக்காய் நஞ்சு.

6. உன்னி, பெண்டாஸ், பாவட்டை எல்லாம் இதே மாதிரி கொத்தாத்தான் பூக்குது. எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

உன்னிச்செடி இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும், சொரசொரப்பு, விளிம்பில் பல் இருக்கும், தண்டு நான்கு பட்டை, பெரும்பாலும் முள். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கலந்து இருந்தால் யோசிக்கவே வேண்டாம், உன்னிதான். இட்லிப்பூ இலை வழவழப்பாக, தடித்து, பல் இல்லாமல் இருக்கும். பெண்டாஸ் இதே காப்பிக் குடும்பம்தான், ஆனால் ஐந்து இதழ், மெல்லிய ரோம இலை.

பாவட்டைதான் ரொம்ப நெருங்கிய சாயல். அதற்கும் நான்கு இதழ். பூ வெள்ளை. சூலகத்தண்டு இட்லிப்பூவில் இதழைத் தாண்டிக் கொஞ்சம்தான் எட்டிப் பார்க்கும். பாவட்டையில் குண்டூசி மாதிரி வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பாவட்டை இலைக்குள் கரும்புள்ளிகள் தெரியும். அது நோய் அல்ல, பாக்டீரியா குடியிருக்கும் சிறு முடிச்சுகள். இட்லிப்பூ இலையில் அவை கிடையாது.

7. நர்சரியில நாட்டு, சைனீஸ், மினின்னு கேக்குறாங்க. எதை வாங்கணும்?

நாட்டு ரகம்தான் இக்சோரா காக்சினியா. 2 மீட்டருக்கு மேலும் வளரும். இலைக்குக் காம்பு இல்லாத மாதிரி அடிப்பாகம் இதய வடிவில் தண்டைத் தழுவி நிற்கும். இதழ் நுனி கூராக இருக்கும். சைனீஸ் என்று விற்கப்படுவது இக்சோரா சைனென்சிஸ் அல்லது அதன் கலப்பு: இலைக்குச் சிறு காம்பு, இதழ் நுனி உருண்டை, கொத்து பெரிது. மினி என்பது 2, 3 அடியில் நின்றுவிடும் குட்டை ரகங்கள். சிறு இலை, அடர்ந்த கிளை, ஓரச் செடியாக வைக்க ஏற்றது.

வெள்ளைப் பூவும் வாசனையும் வேண்டுமென்றால் தென்கிழக்கு ஆசியாவின் இக்சோரா ஃபின்லேசோனியானா. நம் காடுகளிலேயே வெள்ளையாகப் பூக்கும் ஓர் உறவு உண்டு, சுளுந்து. அது சிறு மரமாக வளரும். அதன் குச்சியைத் தீப்பந்தமாகக் கொளுத்துவார்கள்.

தொட்டி என்றால் மினி, தோட்டம் என்றால் நாட்டு ரகம். உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பு மண்ணும் உள்ள வீடாக இருந்தால், எந்த ரகம் வாங்கினாலும் பத்தாவது கேள்வியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

8. எவ்வளவு வெயில் வேணும்? பால்கனியில வருமா?

நேர் வெயில் தினமும் 5, 6 மணி நேரம். குறைந்தால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், கிளை நீளும், பூ வராது. கிழக்கு அல்லது தெற்குப் பால்கனியில் வரும். வடக்குப் பால்கனியில் முயற்சி செய்யாமல் இருப்பது நல்லது. நிழலில் பல மாதம் இருந்த செடியை ஒரே நாளில் சித்திரை வெயிலில் வைத்தால் இலை கருகும். பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

9. தொட்டிக்கு என்ன மண் கலக்கணும்?

12 முதல் 14 அங்குலத் தொட்டி. செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, கூடவே வேப்பம்பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி. தென்னைநார்க் கட்டியை ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதில் உப்பு இருக்கும். களிமண்ணும், வீடு கட்டிய இடத்தின் மண்ணும் வேண்டாம். கட்டட மண்ணில் சிமெண்டுத் துகள் கலந்திருக்கும்.

இதன் வேருக்குத் தொந்தரவு பிடிக்காது. கவரிலிருந்து எடுக்கும்போது மண்பந்து உடையாமல் அப்படியே வையுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை தொட்டி மாற்றினால் போதும்.

10. புதுசா வர்ற இலையெல்லாம் மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சையா தெரியுது. என்ன குறை?

முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனியில் வரும் இளம் இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சை வலை மாதிரி நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. சில சமயம் மாங்கனீசும் சேர்ந்து குறைந்திருக்கும். இரும்பு ஓர் இலைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும், பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது. அதனால்தான் நுனியில் முதலில் தெரிகிறது. கீழே உள்ள பழைய இலை முழுக்க வெளிறி மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. பழைய இலையில் நரம்புகளுக்கு இடையே மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இட்லிப்பூ புளிப்பு மண்ணுக்குப் பழகிய செடி. மண்ணின் கார அமில நிலை (pH) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். 7.5 தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. நம் ஊர்களில் மண்ணை அந்தப் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது பச்சையாக இருந்த செடி சில மாதங்களில் மஞ்சளாவது இதனால்தான்.

11. செம்மண்ணோட சிவப்பே இரும்புதானே? அப்புறம் எப்படி இரும்புக் குறை வரும்? துருப்பிடிச்ச ஆணி புதைச்சா சரியாகுமா?

நல்ல கேள்வி. செம்மண்ணில் இரும்பு ஏராளம். ஆனால் அது துரு வடிவில் இருக்கிறது, தண்ணீரில் கரையாது. புளிப்பு மண்ணில் மட்டும் சிறிதளவு கரைந்து வேருக்குக் கிடைக்கும். காரம் ஏறினால் அந்தச் சிறிதளவும் நின்றுவிடும். ஆணி புதைப்பது துருவோடு இன்னும் கொஞ்சம் துருவைச் சேர்ப்பதுதான். குறை இரும்பில் இல்லை, தண்ணீரில்.

12. எலுமிச்சைச் சாறு, மோர், வினிகர் ஊத்தலாமா?

ஊற்றினால் செடி சாகாது. நீடித்த பலனும் இருக்காது. அந்தப் புளிப்பை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் சில நாளில் தின்று தீர்த்துவிடும், மண் பழைய நிலைக்குத் திரும்பும். மோர் எறும்பையும் நாற்றத்தையும் கூட்டிவரும்.

பலன் தருவது தண்ணீரை மாற்றுவது. மழைநீர் முதல் தரம். அடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் நீர்: அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு கிட்டத்தட்ட இல்லை. கோடையில் ஒரு ஏசி ஒரு நாளில் விடும் தண்ணீர் இரண்டு மூன்று தொட்டிகளுக்குத் தாராளம். ஆனால் ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரை மட்டும் இதற்கு ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் செறிந்திருப்பது அதில்தான். “வீணாகுதே” என்று அதை ஊற்றித்தான் பலர் செடியை மஞ்சளாக்குகிறார்கள்.

13. அன்னபேதி எவ்வளவு போடணும்? தெளிக்கணுமா, மண்ணுல போடணுமா?

அன்னபேதி என்பது பெரஸ் சல்பேட். வாங்கும்போது படிகம் வெளிர்பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகியிருந்தால் அது ஏற்கெனவே துருவாகிவிட்டது, வேண்டாம். காரமண்ணில் போட்டால் நிலைக்காது, சீக்கிரம் கரையாத வடிவுக்குப் போய்விடும். அதனால் இலைவழிதான் நல்லது.

ஒரு லிட்டர் மழைநீரிலோ ஆர்ஓ குடிநீரிலோ முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு) கரைத்து, பிறகு 3 கிராம் அன்னபேதி, கடைசியில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல். உப்புத் தண்ணீரில் கரைத்தால் கண்முன்னே பழுப்பாகும், அதைத் தெளித்துப் பயனில்லை. வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைத்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். வெள்ளைச் சுவர், டைல்ஸ், துணி மீது பட்டால் துருக்கறை போகாது. பூவிலும் கறை விழும், எனவே பூத்திருக்கும் கொத்தின் மேல் அடிக்காதீர்கள்.

மஞ்சளான பழைய இலை திட்டுத்திட்டாகத்தான் பச்சையாகும். அதைப் பார்த்துச் சோர்ந்து போகாமல், அடுத்து வரும் துளிர் என்ன நிறம் என்று பாருங்கள்.

14. இவ்வளவும் செஞ்சாச்சு, ஆனாலும் மஞ்சள் போகலை. இப்ப?

செடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுற்றுச்சுவரை ஒட்டி நட்டிருந்தால் அஸ்திவாரத்துச் சிமெண்டிலிருந்தும், மழையில் கரையும் வெள்ளையடிப்பிலிருந்தும் சுண்ணாம்பு இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மண்ணிலேயே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் கந்தகம் போட்டு மாற்றிவிடலாம் என்பது நடக்காத காரியம். செடியைத் தொட்டிக்கு மாற்றுங்கள், அல்லது சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, இரண்டடிக் குழியில் புது மண் நிரப்பி நடுங்கள். பொங்காத மண் என்றால் ஒரு தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி கந்தகத்தூளை மேல்மண்ணில் கிளறிவிடலாம். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

மண்ணில் இடவேண்டிய இரும்பு வேண்டுமென்றால் உறையைப் படித்து வாங்குங்கள். ‘இடிடிஏ’ (EDTA) வகை காரமண்ணில் உடைந்துவிடும். ‘இடிடிஎச்ஏ’ (EDDHA) வகைதான் நிலைத்து நிற்கும், விலை அதிகம், கரைத்தால் கருஞ்சிவப்பாக இருக்கும். மாலையில் ஊற்ற வேண்டும், வெளிச்சம் பட்டால் சிதையும்.

இதற்கும் மசியவில்லை என்றால் வேரைப் பாருங்கள். வேரில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. தண்ணீர் தேங்கி வேர் கறுத்திருந்தாலும் இதே மஞ்சள் வரும். இரண்டிலும் இரும்பு தெளித்துப் பலன் இல்லை.

15. அடி இலையில சிவப்புப் பழுப்பா புள்ளி புள்ளியா இருக்கு. பூஞ்சை மருந்து அடிச்சும் கேக்கலை.

பெரும்பாலும் அது பூஞ்சை இல்லை. இட்லிப்பூவில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால் பழைய இலைகளில் ஒழுங்கற்ற செம்பழுப்புப் புள்ளிகள் வரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் புள்ளியாக இல்லாமல் பழைய இலை முழுக்கச் செம்பழுப்பாக மாறும். இரண்டுமே கீழே தொடங்கும், நுனித்துளிர் நன்றாக இருக்கும். பத்தாவது பதிலுக்கு நேர் எதிர்.

12 அங்குலத் தொட்டிக்கு சல்பேட் ஆஃப் பொட்டாஷ் அரைத் தேக்கரண்டி, 45 நாளுக்கு ஒரு முறை, ஈரமண்ணில். மணிச்சத்துக்கு எலும்புத்தூளை நம்ப வேண்டாம், அதில் சுண்ணாம்பும் சேர்ந்தே வரும். மணிச்சத்து மிகுந்த டிஏபி உரத்தை அள்ளிப் போடுவதும் தவறு. மணிச்சத்து மிஞ்சினால் இரும்பை முடக்கிவிடும், மறுபடி பத்தாவது கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

16. முட்டை ஓடு, சாம்பல், வாழைப்பழத் தோல் எல்லாம் போடுறோம். நல்லதுதானே?

ரோஜாவுக்குச் சரி. இட்லிப்பூவுக்கு முட்டை ஓடும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு, சாம்பல் காரம். வாழைத்தோல் மக்கிய பிறகு போட்டால் கெடுதல் இல்லை. தழைச்சத்துக்கு அமோனியம் சல்பேட் மாதம் ஒரு தேக்கரண்டி கொடுப்பது இந்தச் செடிக்கு இரட்டை லாபம், மண்ணைப் புளிப்புப் பக்கமும் நகர்த்தும். கடலைப்பிண்ணாக்கு கரைசல் என்றால் ஊறியதை பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, மாதம் இரு முறை.

17. செடி நல்லா இருக்கு, பூதான் வரலை. எப்ப கவாத்து பண்ணணும்?

வெயில் சரியாக இருக்கிறதா என்று எட்டாவது பதிலில் பாருங்கள். வெயில் போதுமென்றால் அடுத்த சந்தேகம் கத்தரிக்கோல் மேல்தான். இட்லிப்பூ கிளையின் நுனியில் மட்டுமே பூக்கும். மாதா மாதம் வேலி மாதிரி சமமாக வெட்டினால் மொட்டு வரவேண்டிய நுனியையே வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

கொத்து வாடியதும், அதற்குக் கீழே ஒரு ஜோடி இலையைச் சேர்த்து, அடுத்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். எதிரெதிர் இலை என்பதால் அந்தக் கணுவின் இரண்டு கக்கத்திலிருந்தும் துளிர் வரும்: ஒரு நுனி இரண்டாகும், அடுத்த முறை இரண்டு கொத்து. பெரிய அளவில் குறைக்க வேண்டுமென்றால் பனி குறையும் தை கடைசி, மாசியில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். கோடையில் பூவோடு நிற்கும். மஞ்சளோடு திணறும் செடியைக் கவாத்து செய்யாதீர்கள், முதலில் பச்சையாகட்டும்.

18. மொட்டுக் கொத்துல எறும்பு மொய்க்குது, இலை மேல கரி பூசின மாதிரி இருக்கு.

எறும்பு தேனுக்காகச் சும்மாவும் வரும். ஆனால் இலையில் கரி படிந்திருந்தால் மேலே எங்கோ சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கிறது. கொத்தின் காம்பிடுக்கில் வெள்ளைப் பஞ்சு என்றால் மாவுப்பூச்சி. தண்டில் பழுப்புச் சிப்பி மாதிரி ஒட்டியிருந்தால் செதில்பூச்சி. அவை கழிக்கும் இனிப்புத் திரவத்தில் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு அவற்றுக்குக் காவல்.

முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். செதில்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் சோப்புநீர் தொட்டுத் தேயுங்கள். ஓடு இருப்பதால் தெளிப்பு மட்டும் உள்ளே போகாது. பிறகு லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதிச் சோப்புக் கரைசல் 2 மில்லி. சோப்பை முதலில் வேப்பெண்ணெயில் கலந்து, அப்புறம் தண்ணீர் சேர்த்தால்தான் எண்ணெய் மிதக்காது. வாரம் ஒரு முறை, மூன்று வாரம். பட்டாம்பூச்சி வரும் நேரத்தில் அடிக்காமல் மாலையில் அடியுங்கள்.

19. குச்சி நட்டா வருமா? விதை போடலாமா?

குச்சி வரும், பொறுமை வேண்டும். பென்சிலைவிடச் சற்று மெல்லிய, பச்சை மாறிப் பழுப்பாகத் தொடங்கிய கிளையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வெட்டுங்கள். பூவோ மொட்டோ இருக்கக் கூடாது. கீழ் வெட்டு கணுவுக்கு உடனே கீழே. மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். வேர்த்தூள் (வேர்விடத் தூண்டும் தூள்) தொட்டு, தென்னைநாரும் மணலும் சமமாகக் கலந்ததில் நட்டு, பிளாஸ்டிக் கவரால் மூடி நிழலில் வையுங்கள். வேர்விட 6 முதல் 8 வாரம். இடையில் இழுத்துப் பார்த்தால் அவ்வளவுதான். மழைக்காலத்தில் வெற்றி அதிகம். தாழ்ந்த கிளை இருந்தால் மண்ணில் வளைத்துப் பதியம் போடுவது இதைவிட நிச்சயம்.

நாட்டு ரகம் விதையிலும் முளைக்கும், பூக்கச் சில வருடம் ஆகும். கலப்பு ரகங்களில் காய் பிடிப்பது குறைவு. பிடித்தாலும் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று சொல்ல முடியாது.

20. தேங்காய் எண்ணெயில காய்ச்சிக் குழந்தைக்குத் தடவலாமா? மருந்துக்குச் சாப்பிடலாமா?

கேரளத்தில் செத்திப்பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளின் தோலுக்குத் தடவுவது பழைய வழக்கம். வேரையும் பூவையும் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் நாட்டு வைத்தியமும் உண்டு. தடவுவதென்றால் மருந்து அடிக்காத நாட்டுச் செடியின் பூ, அதுவும் முதலில் கையில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு. உள்ளுக்குக் கொடுப்பதைச் சித்த மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் இட்லிப்பூவைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

21. ஒரே செடியில ஒரு கிளை மட்டும் வேற நிறத்துல பூக்குது. அஞ்சு இதழ் பூவும் பார்த்தோம். ஒட்டுச்செடியா?

முதலில் அந்தக் கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று கீழ்வரை தடவிப் போங்கள். நர்சரிகளில் ஒரே கவரில் இரண்டு குச்சி நட்டிருப்பார்கள், அப்படியானால் அது பக்கத்துச் செடி. உண்மையிலேயே அதே தண்டிலிருந்து வந்திருந்தால் மொட்டில் நிகழ்ந்த மரபுமாற்றம். அந்தக் கிளையைத் தனியே பதியம் போட்டால் புது நிறம் நிலைக்க வாய்ப்புண்டு. எல்லாக் கிளையிலும் நிறம் ஒரே சமயத்தில் வெளிறினால் அது மாற்றம் இல்லை. கடும் வெயிலிலும் பூ முதிரும்போதும் சாயம் மங்குவது இயல்பு.

ஐந்து இதழ் தனி ரகம் இல்லை, ஒரு கொத்தில் எப்போதாவது ஒன்று தவறிப் பிறக்கும். அதை எடுத்து மகரந்தத் தாளை எண்ணிப் பாருங்கள். இதழ் ஐந்தானால் தாளும் பெரும்பாலும் ஐந்தாகவே இருக்கும்.